பழைய சேலையில கால்மிதி மட்டும் இல்லைங்க, ஒரு குளத்தையே தைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய சேலைய வச்சு என்னென்ன செய்யலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, கால்மிதி, கைப்பை, தலையணை உறை, ஜன்னல் திரைன்னு வரிசையா படத்தோட இருந்துச்சு. நல்ல எண்ணத்துல போட்டதுதான், குப்பைக்கு போற துணி வீட்டுக்கு உதவுதுன்னா யாரு வேண்டாம்னு சொல்லுவா. ஆனா அந்தப் பக்கத்த படிச்சு முடிச்சதுல இருந்து மனசு ஒரு இடத்துலயே நிக்குது, பழைய சேலைன்னா அத மிதிக்கறதுக்கும் துடைக்கறதுக்கும் மட்டும்தான்னு நம்ம எல்லாருமே முடிவு பண்ணிட்டோமோன்னு. அதே சேலையில சுவத்துல மாட்டி வச்சு பத்து நிமிஷம் நின்னு பாக்கற மாதிரி ஒரு கலைய செய்யலாம், உலகத்துல பல ஊர்ல செய்யறாங்க, நானும் பாளையங்கோட்டையில எங்க வீட்டு மாடியில உக்காந்து அதத்தான் செய்யறேன். அதப்பத்தி உங்க வாசகர்களுக்கு சொல்லணும்னுதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

இதுக்கு ஆர்ட் குவில்ட்னு பேரு. குவில்ட்னா மூணு அடுக்கு, மேல படம் இருக்கற துணி, நடுவுல பஞ்சு இல்லன்னா பழைய துணி, அடியில ஒரு துணி, மூணையும் சேத்து மேல இருந்து கீழ வரைக்கும் ஊசி போயி வரணும். போத்திக்கறதுக்குன்னு வந்ததுதான், இப்ப அது ஓவியம் மாதிரி சுவத்துக்கும் வந்துருச்சு. நான் செய்யறதுல நானே எடுத்த போட்டோ, எங்க வீட்டுப் பெண்கள் கட்டுன சேலை, கூந்தன்குளத்து பறவைங்க, இந்த மூணும்தான் திரும்பத் திரும்ப வரும்.

கூந்தன்குளம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், நாங்குநேரி தாலுகாவுல இருக்கு, 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, 2022ல ராம்சார்னு சொல்ற உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும் சேந்துச்சு. மணிமுத்தாறு தண்ணி கால்வாய் வழியா வந்து குளம் நிறைஞ்சா பறவையும் வரும். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன்னு கூட்டம் கூட்டமா வந்து குளத்துக்குள்ள இருக்கற மரத்துல மட்டும் இல்ல ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயும் கூடு கட்டும், இமயமலைய தாண்டி வரித்தலை வாத்து வரும். அந்த ஊர்க்காரங்க பறவைங்களுக்காக தீபாவளிக்கு வெடி போடறதில்ல, பறவை வந்தா ஊருக்கு நல்லதுன்னு நினைக்கிறாங்க, பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல அள்ளி வயலுக்கு போடுவாங்க. சட்டம் வந்து சொல்றதுக்கு முன்னாடியே அவங்க பாத்துக்கிட்டு இருந்த பறவைங்க அது. எனக்கு அந்த ஊர் மேல இருக்கற மரியாதைதான் இந்த வேலைக்கு அடிப்படையே, வெறும் அழகா இருக்குன்னு மட்டும் நான் அத தைக்கல.

சரி போட்டோ எப்படி துணிக்கு வருதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. நிறைய பேரு உடனே டீசர்ட், கப்புக்கு எல்லாம் பிரிண்ட் போடற கடைக்கு போயிடறாங்க, அது சப்ளிமேஷன்னு சூட்டுல மைய துணியில ஏத்தற முறை, பாலியஸ்டர்ல மட்டும்தான் பிடிக்கும், காட்டன் சேலையில போட்டா மங்கலா வந்து ரெண்டு துவைப்புல போயிடும். இங்க்ஜெட் பிரிண்டர்ல துணிய பேப்பர்ல ஒட்டி விட்டு எடுக்கலாம், அப்ப பிக்மென்ட் மை இருக்கற பிரிண்டரான்னு பாக்கணும், சாதா டை மை தண்ணி பட்டா கலங்கிரும். இது ரெண்டும் எனக்கு அவ்வளவா ஒட்டல. எனக்கு பிடிச்சது சயனோடைப், வெயில வச்சே படத்த நீலமா பதியற முறை. 1842ல ஜான் ஹெர்ஷல்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே 1843ல அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிய இந்த முறையில தாள்ல பதிச்சு புத்தகமா போட ஆரம்பிச்சாங்க, போட்டோவால படம் போட்ட முதல் புத்தகம்னு அதத்தான் சொல்றாங்க. அதாவது போட்டோகிராபி பிறந்த கொஞ்ச நாள்லயே ஒரு பெண் அத செடிகொடிய பதியறதுக்குத்தான் கையில எடுத்திருக்காங்க, இத நினைச்சாலே எனக்கு ஒரு தெம்பு. பின்னாடி இஞ்சினியர்ங்க வீட்டு பிளானுக்கு ப்ளூபிரிண்ட்னு போட்டாங்களே அதுவும் இதேதான்.

செய்யறது ரொம்ப கஷ்டம் இல்ல. அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணியில ஒரு பாட்டில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் 100 மில்லியில இன்னொரு பாட்டில், வேலை செய்யற அன்னைக்கு ரெண்டையும் சம அளவு கலந்து வெயில் வராத ரூம்ல துணியில பிரஷ்ஷால தடவி இருட்டுலயே காய வைக்கணும். கையுறை போட்டுக்கணும், சமையல் பாத்திரம் கரண்டி எதையும் இதுக்கு எடுக்கக்கூடாது, அந்தக் கரைசல சூடு பண்றது ஆசிட் கலக்கறது எதுவும் கூடாது, குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கணும். போட்டோவ கம்ப்யூட்டர்ல கருப்பு வெள்ளையாக்கி, கருப்ப வெள்ளையாவும் வெள்ளைய கருப்பாவும் மாத்தி நெகட்டிவ் ஆக்கி ஜெராக்ஸ் கடையில ஓஎச்பி ஷீட்டுன்னு சொல்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்ல பிரிண்ட் எடுக்கணும், கருப்பு பத்தலன்னா ஒரே மாதிரி ரெண்டு ஷீட் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு சரியா பொருத்தி வைக்கலாம். துணி மேல ஷீட், அதுக்கு மேல கண்ணாடி, எடுத்துட்டு போயி மொட்டை மாடியில வச்சா நம்ம ஊரு உச்சி வெயிலுக்கு ரொம்ப நேரம் எல்லாம் வேண்டாம், துணி பச்ச மஞ்சள்ல இருந்து ஒரு மாதிரி சாம்பல் நிறத்துக்கு வரும், அப்ப எடுத்து தண்ணியில அலசுனா மஞ்ச தண்ணி எல்லாம் போயி நீலம் எந்திரிச்சு வரும். அந்த நீலம் வர்ற நிமிஷத்துக்காகவே இத செய்யலாம்ங்க. முதல் அலசல் தண்ணிய குளத்துலயோ வாய்க்கால்லயோ கொட்டிராதீங்க, பறவைக்குன்னு செய்யற வேலை அதுங்களுக்கே கெடுதலா போயிடக்கூடாது.

துணி விஷயத்துல ஒண்ணு சொல்லணும், புதுசா கடையில வாங்குன காட்டன்ல கஞ்சி இருக்கும், கரைசல் சரியா இறங்காது, திட்டு திட்டா வரும். வருஷக்கணக்கா துவைச்சு துவைச்சு பூ மாதிரி ஆன வேட்டிதான் இதுக்கு முதல் தரம், அதையும் சோப்பு காரம் கொஞ்சம்கூட இல்லாம நல்ல தண்ணியில பல தடவை அலசிட்டு எடுக்கணும், ஏன்னா காரம் இந்த நீலத்த தின்னுரும். அதே காரணத்தால முடிஞ்ச குவில்ட்ட சோடா கலந்த சோப்புத்தூள்ல ஊற வச்சிராதீங்க, நீலம் போயி மஞ்சளா நிக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். போட்டோவ துணியில பதிச்சு சுத்தி ஒரு பார்டர் வச்சு தச்சுட்டா அது ஆர்ட் குவில்ட் ஆகாது. அது துணியில இருக்கற போட்டோ, அவ்வளவுதான். இத கொஞ்சம் கறாராவே சொல்றேன், ஏன்னா இப்ப நிறைய அப்படித்தான் வருது. போட்டோவால முடியாத ஒண்ண தையல் செய்யணும், தையலால முடியாத ஒண்ண போட்டோ செய்யணும், அப்பதான் ரெண்டையும் சேத்ததுக்கு அர்த்தம் இருக்கு. மஞ்சள் மூக்கு நாரைய எடுத்துக்கோங்க, வெள்ளை உடம்பு, இறக்கையில கருப்பு பட்டை, வால்பக்கமா வந்தா அழகான ரோஸ். சயனோடைப்ல நீலமும் வெள்ளையும் மட்டும்தான் வரும், அந்த ரோஸ் வராது. அந்த ரோஸ்சுக்கு நான் எங்க ஆச்சி கட்டுன சேலையோட முந்தியில இருந்து சின்னச் சின்ன துண்டா வெட்டி இறகு இறகா அடுக்கி தைக்கிறேன், போட்டோல இருக்கற பறவை மேல ஆச்சியோட சேலை வந்து உக்காருது. கேமரா பிடிச்சது அந்தப் பறவை நின்ன விதம், அந்தக் கழுத்து வளைவு, அத என்னால ஊசியால அப்படி கொண்டு வரவே முடியாது, ஆனா நிறமும் தொட்டா தெரியற இறகும் ஊசி குடுத்தது.

தண்ணியும் அப்படித்தான். நெருக்கமா தச்ச இடம் அமுங்கும், தைக்காம விட்ட இடம் உப்பி நிக்கும், இது குவில்ட்டோட குணம். அதனால குளத்து தண்ணி முழுக்க நெருக்கமா அலை அலையா ஓட்டத் தையல் போட்டுட்டு கூழைக்கடா உடம்புல கையே வைக்காம விட்டா பறவை தானா தண்ணிக்கு மேல எழும்பி நிக்கும், சாயங்காலம் பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா இன்னும் நல்லா தெரியும். கூடுல இருக்கற சுள்ளிக்கு தடிமனான நூல மேல வச்சு மெல்லிய நூலால அங்கங்க கட்டிட்டு போகணும். மிஷின்ல செய்யறவங்க ஊசிக்கு அடியில துணிய இழுக்கற பல்ல இறக்கிட்டு துணிய கையால நகத்தி நகத்தி பென்சில்ல வரையற மாதிரி தைப்பாங்க, எம்ப்ராய்டரி மிஷின் ஓட்டறவங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. எனக்கு கைத்தையல்தான் ஒத்து வருது, நேரம் ஆகும், ஆகட்டும். நடுவுல வைக்கறதுக்கும் பஞ்சு மெத்தை மாதிரி எதுவும் வேண்டாம், அதெல்லாம் குளிர் ஊர்க்காரங்களுக்கு, நம்ம வெயிலுக்கு பழைய காட்டன் சேலை ரெண்டு மடிப்பு போதும்.

பாரம்பரியம்னு பேச்சு வந்தா எங்க பக்கத்து வீரவநல்லூர் செடிபுட்டா சேலைய சொல்லாம இருக்க முடியாது, தாமிரபரணி கரையில சௌராஷ்டிரா நெசவாளர்ங்க நெய்யறது, 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது. உடம்புலயும் முந்தியிலயும் செடி செடியா பூ பூவா கையால போட்டது. நெசவாளி ஏற்கனவே துணியில ஒரு தோட்டத்த வச்சுட்டாரு, நான் அத கரையில வளர்ற செடியா எடுத்து வைக்கிறேன். அந்த புட்டாவ வெட்டும்போது கை தயங்கும், கிழிஞ்ச சேலையா மட்டும்தான் எடுப்பேன், நல்லா இருக்கற சேலைய வெட்டறது எனக்கு சம்மதம் இல்ல. குளத்துக் கரைக்கு பத்தமடை பாய் ஓரத்துல வர்ற கோடுங்கள பாத்து அதே வரிசையில துணிப்பட்டை வச்சு தைப்பேன்.

ஒட்டுத்துணி வேலை வெளிநாட்டு சமாச்சாரம்னு சிலபேர் சொல்றாங்க, எங்களுக்கு எதுக்கு குவில்ட்டுன்னு. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு தேர்ல கட்டுற தேர்ச்சீலைய, தொங்கவிடற தொம்பைய கிட்டக்க போயி பாத்திருக்கீங்களா, சிவப்பு மேல மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் வெட்டி வச்சு தச்சதுதான் அது, தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் தலைமுறை தலைமுறையா இந்த வேலை செய்யற குடும்பங்க இருக்கு. வங்காளத்துல காந்தா, பழைய சேலைய அடுக்கி அதே சேலையோட கரையில இருந்து நூல உருவி தைப்பாங்க. கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல ஆப்பிரிக்க வம்சாவளியில வந்த சித்தி இனப் பெண்கள் கவந்தின்னு ஒண்ணு தைக்கிறாங்க, ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு சுத்தி சுத்தி நடுவுக்கு வருவாங்க, முடிக்கும்போது நாலு மூலையிலயும் மடிச்ச துணியில பூ வைக்கணும், அந்தப் பூ இல்லன்னா கவந்தி அம்மணமா இருக்குன்னு சொல்லுவாங்களாம். இதெல்லாம் நம்ம வீட்டு சொத்துங்க.

வெளிநாட்டுக் கதையும் ஒண்ணு சொல்றேன், அது இந்தக் கடிதத்துக்கு தேவைப்படுது. அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணத்துல 1837ல அடிமையா பிறந்தவங்க ஹேரியட் பவர்ஸ். துணிய வெட்டி வச்சு தச்சு கதை சொல்ற ரெண்டு குவில்ட் இன்னைக்கும் இருக்கு. முதல்ல தச்சத 1886ல ஒரு பருத்தி கண்காட்சியில வச்சாங்க, அத ஒரு ஓவிய ஆசிரியை விலைக்கு கேட்டாங்க, பவர்ஸ் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அப்பறம் வீட்டுல கஷ்டம் வந்தப்ப தாமா போயி பத்து டாலர் கேட்டு கடைசியில அஞ்சு டாலருக்கு குடுத்தாங்க. இப்ப அது ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. இன்னொண்ணு பாஸ்டன் நுண்கலை மியூசியத்துல இருக்கு, அதுல 1833 நவம்பர்ல வானத்துல இருந்து நட்சத்திரம் மழையா கொட்டின ராத்திரிய தச்சு வச்சிருக்காங்க, அவங்க பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, பெரியவங்க சொல்லக் கேட்டதுதான். 1780ல பகல்லயே இருட்டு ஆன நாளும் அதுல இருக்கு. எழுதப் படிக்கற வசதி மறுக்கப்பட்ட சனங்க கிட்ட இருந்து வந்த ஒரு அம்மா இயற்கையில நடந்தத துணியில எழுதி வச்சுட்டு போயிருக்காங்க.

அதே நாட்டுலயே ரொம்ப நாளைக்கு குவில்ட்ட ஓவியக் கண்காட்சிக்குள்ள விடல. 1979ல ஒஹையோவுல சில கலைஞர்ங்க சேந்து ஒரு பழைய மாட்டுக் கொட்டகைய சுத்தம் பண்ணி அதுல குவில்ட் நேஷனல்னு கண்காட்சி நடத்துனாங்க, இடம் குடுக்கலன்னா என்ன நாங்களே இடம் பண்ணிக்கறோம்னு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அது நடந்துக்கிட்டு வருது, இன்னைக்கு உலகம் முழுக்க இருந்து அதுக்கு அனுப்பறாங்க.

நம்ம பக்கம் என்ன நிலைமைன்னா, ஒரு கண்காட்சிக்கு நான் என் வேலைய எடுத்துட்டு போனேன், போட்டோ பிரிவுல கேட்டா இது தையல் அங்க போங்கன்னாங்க, ஓவியப் பிரிவுல கேட்டா கைவினை பிரிவுக்கு போங்கன்னாங்க, கைவினை பிரிவுல தலையணை உறை, ஊறுகா பாட்டில் பக்கத்துல மேஜையில மடிச்சு வச்சுட்டாங்க. வந்தவங்க மீட்டர் என்ன விலைன்னு கேட்டாங்க. யாரையும் குத்தம் சொல்ல எழுதல, அவங்களுக்கு இத எங்க வைக்கறதுன்னு தெரியல, அதுதான் பிரச்சினையே. மாசக்கணக்கா உக்காந்து தச்ச ஒரு குளத்த மடிச்சு வச்சா எப்படிங்க பாக்கறது? மகளிர் குழு பெண்கள் எத்தனையோ பேரு அருமையான கை உள்ளவங்க, விலை போகறது தலையணை உறைதான்னு சொல்லிச் சொல்லியே அவங்க கைய அதுக்குள்ளயே கட்டிப் போட்டிருக்கோம். அவங்கவங்க ஊர்ல இருக்கற ஏரியும் மலையும் மரமும் அவங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு யாருக்கு தெரியும், எந்த மாசம் எந்தப் பறவை வரும், எந்த மரத்த எப்ப வெட்டுனாங்கன்னு அவங்க கிட்ட இருக்கு. கையில போன் இருக்கு, நல்ல கேமரா இருக்கு, பீரோவுல சேலை இருக்கு. எடுத்த போட்டோ எல்லாம் போன் மாறும்போது காணாம போகுது.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். நெட்ல இருந்து அடுத்தவங்க எடுத்த பறவை படத்த எடுத்து தைக்காதீங்க, அவங்க வெயில்ல நின்னு எடுத்தது அது, வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க, பின்னாடி துணியில அவங்க பேரையும் தைங்க. சேலை எந்த ஊரு நெசவுன்னு தெரிஞ்சா அதையும் தைங்க. இன்னொண்ணு, கூட்டுக்கு பக்கத்துல போயி குஞ்ச படம் எடுக்காதீங்க, தாய்ப்பறவை எந்திரிச்சு போனா குஞ்சு வெயில்ல கிடக்கும், காக்கா வந்து தூக்கிட்டு போயிரும். துணிக்கு பக்கத்துல எடுத்த படம் தேவையே இல்ல, தூரத்துல இருந்து வானத்துக்கு எதிரா எடுத்த நிழலுருவம்தான் சயனோடைப்ல நல்லா வரும்.

கடைசியா உங்ககிட்ட கேக்கறது இதுதான். வாசகர்ங்க எடுத்த பறவை போட்டோவ நீங்க அடிக்கடி போடறீங்க, சந்தோஷம். அடுத்த தடவை போட்டி அறிவிக்கும்போது துணியில செஞ்சதுக்கும் ஒரு பிரிவு சேருங்க, மூணடிக்கு நாலடின்னு அளவு சொல்லிருங்க, செய்யறவங்களுக்கு ஆறு மாசமாவது டைம் குடுங்க, முழு படம் ஒண்ணும் தையல் தெரியற மாதிரி கிட்டக்க எடுத்த படம் ஒண்ணும் அனுப்பச் சொல்லுங்க. அத மகளிர் பக்கத்துல வீட்டுக்குறிப்புக்கு கீழ போடாம ஓவியம் போட்டோ போடற பக்கத்துலயே போடுங்க. மாவட்ட அருங்காட்சியகங்களும் பறவைத் திருவிழா நடத்தறவங்களும் இத படிச்சாங்கன்னா அவங்களுக்கும் இதே வேண்டுகோள்தான், ஒரு சுவரும் ரெண்டு கம்பும் குடுத்தா போதும், வெயில் நேரா விழாத சுவரா இருக்கணும், இந்த நீலம் ரொம்ப வெளிச்சத்துல வெளுக்கும், அப்படியே வெளுத்தாலும் கொஞ்ச நாள் இருட்டுல வச்சா பெருமளவு திரும்ப வந்துரும், அதனால பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்துல சயனோடைப் சொல்லிக் குடுக்கணும்னு எந்த டீச்சராவது நினைச்சா வேப்பிலை, பூவரசு இலைன்னு வச்சே ஆரம்பிக்கலாம், நெகட்டிவ்கூட வேண்டாம். எங்க பக்கத்து பள்ளிக்கூடம்னா நானே வந்து சொல்லித் தரேன், முகவரி தனித்தாள்ல இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
பாளையங்கோட்டை.